பின்சக்கரத்துக்கு ஒரு கல்

புளத்கொகுபிட்டியவுக்குப் போகும் வழியில் தன் பழைய பிக்கப்பின் முன் சீட்டில் என்னை ஏற்றிக்கொண்டார் ஒருவர். மழையிலும் கறுப்புக் கண்ணாடி. வண்டி நின்றால் போதும், இறங்கிப் பின்சக்கரத்தைக் கைலேஞ்சியால் துடைப்பார். அதில் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போட்டிருந்தார். அது பளபளவென்று நாலு பேருக்குத் தெரிய வேண்டுமாம்.

ஏற்றத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை முன்னால் நிறுத்தினார். பின்னால் திறந்த தட்டில் சாக்கைப் போர்த்தி உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி கருங்கல்லோடு இறங்கி, அதைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். அதற்குப் பிறகுதான் இந்த மனிதர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

“ஹேண்ட் பிரேக் இல்லீங்களா?” என்றேன்.

“அது பழைய டிரம்மோட போயிருச்சுங்க. புது செட்டுல அது வராது.”

“அப்ப எப்படிங்க?”

“அதான் இவ இருக்காளே!” என்று சிரித்தார்.

கடைக்குள் உட்கார்ந்து டிஸ்க் பிரேக்கின் பெருமையை அளந்தார். அந்த அம்மா மழையில், கல்லைக் காலால் மிதித்தபடி நின்றார். அவருக்கு ஒரு தேத்தண்ணி அனுப்ப இந்த மகாராசாவுக்குத் தோன்றவில்லை.

அந்த அம்மா கல்லை எட்டி உதைத்திருந்தால், சத்தியமாக நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.