ஒரு நூல் விட்ட துண்டு

பேருந்துப் பணிமனையில் அவருக்குப் பெயர் ‘சடன் பிரேக்’. இருபத்தாறு வருடமாக வண்டி ஓட்டுகிறார். சத்தியமாக நாலே முறைதான் அப்படிப் பிரேக் போட்டார்; பெயர் ஒட்டிக்கொண்டது. மதியத்துக்கு மேல் பேருந்து, காலையில் மேசைத் தறி. மேசை என்பது சாப்பாட்டு மேசை. மனைவி தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டாள், வாய்தான் இன்னும் பழகவில்லை.

“மேசையை எப்போ குடுப்பீங்க? இல்ல, தறிக்கே தட்டு வெச்சிரட்டுமா?”

“இந்தத் துண்டு மட்டும் முடியட்டும்மா.”

துண்டு அக்காவுக்கு. கூடவே இருக்கும் அவருடைய அக்காவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்து, போன வருடம் மொத்தமாகப் போய்விட்டது. எல்லா வேலையும் தடவியே செய்துவிடுவாள். குளியலறைக் கம்பியில் தொங்கும் மூன்று துண்டுகள் மட்டும் பிடிபடவில்லை. தினமும் கதவிடுக்கில் ஒரு குரல் வரும்: “என் துண்டு எதுடா?” ஊரில் பாதிப் பேருக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவள், ஒரு துண்டுக்குக் கேட்டு நிற்கிறாளே என்று தம்பிக்குக் காப்பி இறங்காது. ஓரத்தில் முடிச்சுப் போட்டுத் தருகிறேன் என்றதற்கு, “நான் என்ன எல்கேஜியா?” என்று சீறிவிட்டாள்.

ஆகவே தடவினால் தெரியும்படி புடைப்பு வைத்து நெய்ய உட்கார்ந்தார். தறியில் துளையும் நீளக் கீற்றும் மாறிமாறி உள்ள சட்டத்தைத் தாழ்த்தினார். நீளவாக்கில் கட்டிய பாவு நூல்களில், கீற்றில் ஓடுபவை மட்டும் மேலே நின்றன. சட்டத்துக்குப் பின்னால் தட்டைக் குச்சியை நுழைத்து, ஒன்றை எடுத்து ஒன்றை விட்டு, அகலம் முழுக்கப் பொறுக்கினார். ஒரு முறை பொறுக்கினால் போதும். குச்சி உள்ளேயே கிடக்கும். வேண்டும்போது நிமிர்த்தினால் எடுத்த நூல்கள் எழும்பும், மற்றவற்றின் மேல் குறுக்கே ஓடும் ஊடை நூல் தாவிப் புடைக்கும். பாதிப் பொறுக்கலில் மனைவி மறுபடி மேசையைப் பற்றிக் கேட்க, பதில் சொல்கிற மும்முரத்தில் ஒன்றுக்கு இரண்டாக விட்டுவிட்டார்.

ஒரு சாண் நெய்ததும் அக்காவின் கையைப் பிடித்துத் துணிமேல் வைத்தார். விரல்கள் மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் நின்றன.

“நல்லாத்தான் இருக்கு. இங்க மட்டும் புடைப்பு நீளமா இருக்கே. ஒரு நூல் விட்டுட்டியா?”

குனிந்து பார்த்தார். முதல் வரியிலிருந்து அதே இடத்தில் அதே தப்பு, வரி தவறாமல். முகம் தொங்கிப்போயிற்று. “பிரிச்சுடறேன்க்கா” என்று கத்தரிக்கோலைத் தேடினார்.

“கைய எடு. எல்லாத்துக்கும் பிரேக் போடணுமா? ஓட்டு.”

ஓட்டினார். நாலாம் நாள் துவைத்துக் காய்ந்த துண்டு கம்பிக்குப் போயிற்று. மறுநாள் காலை குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றபோது, அவர் டம்ளரைக் கையில் பிடித்தபடி குரலுக்காகக் காத்திருந்தார். குரல் வரவில்லை. கதவு திறந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அக்கா வந்தாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். மறைக்க வேண்டியது மனைவியிடம் மட்டும்தான், அவளோ துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அழகா இருக்கே! எனக்கும் ஒண்ணு போடுங்களேன். மேசை மெதுவா வரட்டும்.”

“போட்டுக் குடுடா” என்றாள் அக்கா. “ஆனா அவளுக்குத் தப்பில்லாமப் போடு. இல்லன்னா நான் மறுபடியும் கேக்கணும்.”