செம்பட்டி சாலையில் பத்து மைல்

நூர் அகமது திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை பார்த்தார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை எடுத்து மயிர் சுரண்டுவது அவர் வேலை. 1957 கடைசியில், வரும் குடியரசு தினத்தன்று பத்து மைல் ஓட்டப் பந்தயம் நடக்கப் போவதாக ஊரில் பேச்சு வந்தது. அவருக்கு அப்போது முப்பத்தொரு வயது. பேர் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் ஓட ஆரம்பித்தார். செம்பட்டி சாலையில் ஐந்தாவது மைல்கல் வரை போய்த் திரும்பினால் பத்து மைல். பந்தயத்துக்குப் பத்து மைல் என்றால் தினமும் பத்து மைல் ஓடினால்தானே கால் பழகும்? ஒரே சாலை, ஒரே வேகம், ஒரு நாள் தவறாது. தோல் வாடை இல்லாத காற்று அந்த நேரத்தில்தான் கிடைத்தது. அதற்காகவே அவருக்கு ஓட்டம் பிடித்துப்போயிற்று.

மூன்றாவது வாரம் கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிவிட்டன. வேலையில் குந்தினால் எழ முடியவில்லை. மனைவி ஷரீஃபா வெந்நீர் ஊற்றி, நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள்.

"நாளைக்கு ஒருநா சும்மா இருங்க மச்சான்."

"விட்டா அம்புட்டும் வீணாப் போயிரும் புள்ள."

மறுநாளும் போனார். மூன்றாவது மைல்கல் அருகே வலது கால் இழுத்துப் பிடித்தது. சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். கத்தரிக்காய் மூட்டைகளோடு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த மாட்டுவண்டி ஒன்று நின்றது. ஓட்டி வந்தவன் பொம்மையன், செம்பட்டிப் பக்கத்து விவசாயி. நூர் அகமதுவைவிட நாலைந்து வயது இளையவன்.

"ஏறுங்க பாய். தினமும் பாக்குறேன், ஒரே மாதிரி ஓடுறீகளே. நானும் அந்தப் பந்தயத்துக்குத்தான் பேர் குடுத்திருக்கேன்."

"நீயா? ஒருநாகூட நீ ஓடி நான் பாத்ததில்லையே?"

"ரோட்டுல ஓடுனாத்தான பாப்பீக? ஒருநா கம்மாக்கரையில மெதுவா ஓடுவேன். ஒருநா ஒரு புளியமரத்துல இருந்து அடுத்த மரம் வரைக்கும் விரட்டி ஓடிட்டு, அதுக்கு அடுத்த மரம் வரைக்கும் நடப்பேன். வாரத்துக்கு ஒருக்காதான் முழுத் தூரம். ஏர் பிடிக்கிற அன்னிக்கு ஓட்டமே கிடையாது."

"போட்டிக்காரன்கிட்ட எல்லாத்தையும் சொல்றியே, தம்பி?"

"நீங்க படுத்துக்கிட்டா நான் யாரோட ஓடுறதாம்?"

நூர் அகமதுவுக்கு அது முழுசாக நம்பிக்கை தரவில்லை. ஆனாலும் கால் வேறு வழி விடவில்லை. மலைக்கோட்டையைச் சுற்றி இரண்டு நாள் நடக்க மட்டும் செய்தார். படுத்துக் கிடந்தபோது விடாத வலி, நடக்க நடக்க இளகியது. அதன்பின் புளியமரக் கணக்கில் விரட்டிப் பார்த்தார். இன்னொரு நாள் நத்தம் சாலையில், பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லும் அளவுக்கு மெதுவாக ஓடினார். ஒருமுறை கோட்டைப் படிகளில் ஏறி, இறங்கும்போது குதித்து ஓடியதில் தொடை நாலு நாள் நொந்தது. பிறகு இறக்கத்தில் நடந்தே வந்தார். வெள்ளிக்கிழமை ஓய்வு. ஷாப்பில் கூட வேலை செய்தவர்கள், "பாய்க்கு ஓட்டம் சலிச்சுப் போச்சு" என்று சிரித்தார்கள். குந்தி எழ முடிந்ததே போதும் என்று அவர் இருந்தார்.

பந்தயத்தன்று இருபத்தாறு பேர் ஓடினார்கள். ஏழாவது மைலில் பொம்மையன் நூறு கெஜம் முன்னால் போய்க்கொண்டிருந்தான். நூர் அகமது அவன் முதுகைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று ஓடினார். ஒன்பதாவது மைலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோது பொம்மையனுக்கு மூச்சு வாங்கியது.

"போங்க பாய், நிக்காதீக!"

நூர் அகமது மூன்றாவதாக வந்தார். பொம்மையன் ஐந்தாவது. மூன்றாம் பரிசாகக் கிடைத்த பித்தளைச் செம்பில் தண்ணீர் மொண்டு, முதலில் பொம்மையனிடம்தான் நீட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருவரும் சேர்ந்தே ஓடினார்கள். ஒரு வாரம் இவர் ஊர்ப் பக்கம், மறுவாரம் அவன் ஊர்க் கண்மாய்க்கரை. 1966 வரை ஆண்டுதோறும் பந்தயத்தில் நின்றார்கள். இருவரில் ஒருவர்கூட முதல் பரிசு வாங்கவில்லை. ஞாயிறு காலையில் ஷரீஃபா இடியாப்பம் கட்டித் தருவாள். ஓட்டம் முடிந்து மரத்தடியிலோ கரையிலோ கால் நீட்டி உட்கார்ந்து, வியர்வை காயும் மட்டும் இருவரும் பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள்.