மடகாஸ்கருக்கு எட்டுப் பேர் தேவை

ஊரெல்லாம் ஆள் அனுப்புறவன் கதிரைய விட்டு அசையமாட்டான், ட்ராவல்ஸ் தொழிலோட மொதல் சட்டமே அதுதான். கவுண்டருக்குப் பின்னால உக்காந்து சிரிச்சுச் சிரிச்சே தாடை கழண்ட சகோதரங்களே, உங்களுக்கு நான் புதுசா சொல்லவேண்டியதில்ல. நான் ஏஎல் பாதியில விட்டவன், டெக்னிக்கல் கொலேஜ் கால்வாசியில விட்டவன். பதுளை பஸார்ல இந்த ட்ராவல்ஸ்ல மட்டும் எப்படியோ ஒட்டிக்கிட்டேன்.

எங்க முதலாளி ஒருநாள் டிவியில மடகாஸ்கர் தீவப் பார்த்துட்டாரு. வேற எங்கயுமே இல்லாத மிருகமெல்லாம் அங்க இருக்காம். "எல்லாவனும் பழனி, திருவண்ணாமலைன்னு ஏத்துறான். நாம மடகாஸ்கர் ஏத்துவோம். பொங்கலுக்குள்ள எட்டுப் பேரச் சேரு, வேல நிரந்தரம். இல்லன்னா கெளம்பு"ன்னாரு. கெளம்புனா எங்க? கொழும்புல மாமாவோட ஹார்ட்வெயார் கடைதான். பகல்ல ஆணி நிறுக்கணும், ராத்திரி அந்த மூட்டைக்குப் பக்கத்துலயே படுக்கணும். அம்மா என் உடுப்பெல்லாம் மடிச்சே வச்சாச்சு.

குரங்குக்குச் சொந்தக்காரன்

பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துல இருந்து ஒரு அண்ணன், சென்னைக்கு டிக்கட் கேட்டு வந்தாரு. நான் வாயில தேன ஊத்திக்கிட்டு, சுவத்துல இருந்த லெமூர் படத்தக் காட்டுனேன். பார்க்கக் குரங்குக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருக்கும், வாலு பூரா கறுப்பு வெள்ளை வளையம். "இது வந்து தோள்லயே உக்காரும்ணே. எவ்வளவு பாசம் பாருங்க!"

அண்ணன் மொறச்சுக்கிட்டே படத்தப் பார்த்தாரு. போன வாரம்தான் அவரு குடியிருக்கிற லயத்து வரிசை வீட்டுல குரங்குக் கூட்டம் கூரைத் தகரத்தப் பெயர்த்து உள்ள எறங்கி, சோத்துப் பானையோட போயிருக்காம். இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் பச்சோந்தி படத்தக் காட்டியிருப்பேன்ல?

"எங்க லயத்துல இருக்கிறதுகளையும் ஏத்திக்கிட்டுப் போயி அங்கயே விட்டுட்டு வர்ற மாதிரி டிக்கட் இருந்தா சொல்லு தம்பி, நானே முன்னுக்கு நிக்கிறேன்."

உண்மை பேசுன பாவம்

அடுத்தது பூனாகலையில கொழுந்து எடுக்கிற ஒரு அம்மாவும், கட்டார்ல இருந்து லீவுல வந்த அவங்க மகனும். மகனுக்கு ஒரே ஆசை, அம்மாவுக்கு வெளிநாடு காட்டணும்னு. ரெண்டு பேர்! எனக்குக் கொழும்பு கொஞ்சம் தள்ளிப் போன மாதிரி இருந்துச்சு.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "அந்தக் காட்டுல அட்டை இருக்கா?" இல்லன்னு சொல்லியிருக்கலாம். வாழ்க்கையில என்னைக்கும் பேசாத உண்மைய அன்னைக்குன்னு பேசுனேன். "மழைக்காடாச்சேம்மா, கொஞ்சம் இருக்கும்." அந்தம்மா சிரிச்ச சிரிப்புல பக்கத்துக் கடைக்காரரு எட்டிப் பார்த்தாரு. தோட்டத்துல பேர் போடுறதுன்னா, அன்னைக்கு வேலைக்குச் சம்பளம் பதியிறது. அதத்தான் அவங்க மகனப் பார்த்து நினைவுபடுத்துனாங்க.

"அட்டைகிட்ட கடி வாங்க ப்ளேன் எதுக்குடா மகனே, நாளைக்கு எங்க மலைக்கு வா, அட்டையும் கடிக்கும், பேரும் போடுவாங்க."

ரோட்டோரச் சமையல்

மார்கழி பொறந்து நான் நடுங்கிக்கிட்டு இருந்தப்ப, தெய்வமா வந்தாங்க நகைக்கடை அக்கா. பஸார்ல பெரிய கடை, பெரிய குடும்பம். பசறையில இருக்கிற அவங்க அண்ணன், ரிட்டயர் ஆன பள்ளிக்கூட மாஸ்டர், அவரையும் சேர்த்துச் சரியா எட்டுப் பேர். நான் அவங்க கால்ல விழாத குறை.

அப்புறம்தான் அக்கா திட்டத்தச் சொன்னாங்க. அண்டா ரெண்டு, அரிசி மூட்டை ஒண்ணு, பொரிக்காத அப்பளம், சமைக்க ஒரு ஆளு. நம்மாளுங்க ட்ரிப்னா அப்படித்தானே, எந்த ஊருக்குப் போனாலும் சட்டி பானை முன்னுக்குப் போகும். ப்ளேன்ல அண்டா ஏத்த விடமாட்டாங்க, அடுப்பும் பத்த வைக்க ஏலாதுன்னு பணிவா எடுத்துச் சொன்னேன்.

"ப்ளேன்ல யாரு சமைக்கச் சொன்னா, எறங்குனதும் ஆறு ஓடுற எடமாப் பார்த்து ரோட்டோரமா நிப்பாட்டச் சொல்லுங்க தம்பி."

தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள

எட்டுப் பேரும் ஒரே நேரத்துல கடைக்கு வந்தாங்க. முதலாளி எனக்கே தேத்தண்ணி குடுத்தாருன்னா பாத்துக்கோங்க. நான் மடகாஸ்கர் படத்த விரிச்சேன். மாஸ்டர் கண்ணாடியப் போட்டுக்கிட்டு, "அங்க முருகன் கோயில் இருக்கா?"ன்னாரு. தேடித்தான் பாக்கணும்னேன்.

அவ்வளவுதான். கோயில் இல்லாத ஊருக்குக் குடும்பத்தோட போறதான்னு ஒருத்தரு. அப்ப போறதுக்கு முன்னாடி கதிர்காமம் போய்க் கும்பிட்டுறலாம்னு இன்னொருத்தரு. கதிர்காமம் போனா பக்கத்துலயே யால காடு, யானை, சிறுத்தை எல்லாம் இருக்கேன்னு அக்கா. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள இந்து சமுத்திரத்துல ஒரு தீவு காணாமப் போயிருச்சு. நான் கெஞ்சிப் பார்த்தேன். மாஸ்டர் என் தோளத் தட்டுனாரு.

"மடகாஸ்கர் எங்கயும் ஓடிறாது தம்பி, முருகன் கோவிச்சுக்கிட்டான்னா யாரு சமாதானம் பண்றது?"

கிட்டத்துல பார்த்தது

கதிர்காமத்துக்கு பஸ் ட்ரிப்னு கேள்விப்பட்டதும் சொந்தம், அக்கம்பக்கம்னு ஆளு சேர்ந்து பஸ்ஸு நெறஞ்சிருச்சு. முதலாளி சொன்ன சொல்லத் தவறாத மனுசன். "வேல நிரந்தரம்தான்டா. ஆனா கதிரையில இல்ல, ஃபுட்போர்டுல"ன்னு என்னையும் ஏத்தி விட்டாரு.

புத்தல தாண்டி காட்டு ரோட்டுல ஒரு கொம்பன் குறுக்க வந்து நின்னுச்சு. ட்ரைவர் எஞ்சினோட மூச்சையும் நிப்பாட்டிட்டாரு. தும்பிக்கை ஜன்னலுக்குள்ள நுழைஞ்சு, அக்கா மடியில இருந்த பூசை வாழைச் சீப்ப அப்படியே தூக்கிட்டுப் போயிருச்சு. பஸ் பூரா முருகா, முருகான்னு ஒரே கத்தல். நான் சீட்டுக்கு அடியில. வெளிய தலைய நீட்டுனப்ப அக்கா சேலையத் தட்டி விட்டுக்கிட்டு, ரொம்பப் பெருமையா என்னையப் பார்த்தாங்க.

"உங்க மடகாஸ்கர்காரன் இவ்வளவு கிட்டத்துல காட்டுவானா தம்பி?"

இப்படியாக, அபூர்வ மிருகங்களத் தேடி உலகத்துக்கு வழி காட்டப் பொறந்த நான், வாரா வாரம் கதிர்காம பஸ்ஸுல, எல்ல மலை எறக்கத்துல வாந்தி எடுக்கிறவங்களுக்கு சொப்பின் பேக் நீட்டி, கொழும்புக்குப் போகாமத் தப்பிச்சுக்கிட்டு இருக்கேன்.