இரண்டு பக்கமும் எதிர்க்காற்று

எங்கள் மாவட்டத்தில் அப்போது சைக்கிளை வேகமாக மிதிக்கத் தெரிந்த பெண் என்றால் அது என் அத்தைதான். அப்பாவின் கடைசித் தங்கை. நான் நான்காம் வகுப்புப் படித்தபோது அவள் தொடர்ந்து மூன்று வருடமாக மாவட்டச் சாம்பியன். இதை நான் கொஞ்சம் அடக்கமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தையே ஒருநாளும் அடக்கமாகச் சொன்னதில்லை, எனக்கு என்ன வந்தது? கீரமங்கலம் கடைத்தெருவில் யாராவது அவளை நிறுத்தி, "என்னம்மா, இந்தத் தடவையும் ஜெயிச்சிருவியா?" என்று கேட்டால், "நான் ஜெயிக்காம வேற யாருங்க ஜெயிக்கிறது?" என்று திருப்பிக் கேட்பாள். கேட்டவர் வேறு பெயர் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போதே, சீயக்காய் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அவள் ஓட்டியது டைம் டிரையல். எல்லோரும் கும்பலாகக் கிளம்பி முட்டி மோதி முந்துகிற பந்தயம் இல்லை இது. ஒரு நிமிடத்துக்கு ஒருவராகத் தனித்தனியே விடுவார்கள். பத்து கிலோமீட்டர் போய், திரும்பிப் பத்து கிலோமீட்டர் வர வேண்டும். துரத்த ஆள் கிடையாது, முந்த ஆள் கிடையாது. எதிரி கடிகாரம் மட்டும்தான். அந்தக் கடிகாரம் எங்கள் ஊரில் என் கையில் இருந்தது.

எங்கள் ஊர் எல்லையில் சாலை ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டுகிறது. அந்தப் பாலத்துச் சுவரில் தினமும் காலை ஆறு மணிக்கு அப்பாவின் போனோடு நான் உட்கார்ந்திருப்பேன். அத்தை பாலத்திலிருந்து கிளம்பும்போது ஒரு அமுத்து. போய்த் திரும்பிப் பாலத்தைத் தொடும்போது இன்னொரு அமுத்து. வந்த நேரத்தை என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவேன். அப்பா அதைப் போட்டோ எடுத்துப் புதுக்கோட்டையில் இருக்கும் கோச் சாருக்கு அனுப்புவார். சைக்கிளில் மீட்டர் பொருத்தலாமே என்று கேட்டவர்களுக்கு அத்தை, மீட்டரைப் பார்க்கிறவள் ரோட்டைப் பார்க்க மாட்டாள் என்று சொல்லிவிட்டாள். அது எனக்குப் பெருமையாக இருந்தது. மீட்டருக்குப் பதில் நான்.

அத்தை ஓட்டிய சைக்கிள் அவளுடையது இல்லை. ஒரு விரலால் தூக்கிவிடலாம் போல இருக்கும் அந்த ரேஸ் சைக்கிள் கோச் சாரின் பொறுப்பில் இருந்தது. மாவட்டத்துக்கே அந்த மாதிரி ஒன்றுதான். யாரிடம் இருக்க வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். அவரிடம் ஒரு சட்டம் உண்டு: தோற்றால் பரவாயில்லை, சாக்குச் சொன்னால் சைக்கிள் கிடையாது. அத்தை அந்தச் சட்டத்தில் சாரையும் மிஞ்சியவள். வெயில், வயிற்று வலி, ரோட்டில் ஆடு என்று எதைச் சொன்னாலும் அவளுக்குப் பிடிக்காது. அதிலும் காற்று அடித்தது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். "காத்தக் கொற சொல்றவ காத்தாடி விடப் போகலாம்ல, சைக்கிள் எதுக்கு?" என்பாள். இதை அவள் சொல்லிச் சொல்லி, பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம்.

இனி என் பாவத்துக்கு வருகிறேன்.

பாலத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. நல்ல நேரம் வந்த நாளில் அத்தை என்னை அங்கே கூட்டிப்போய்ச் சூடாகப் போண்டா வாங்கித் தருவாள். நேரம் சரியில்லாத நாளில் நேராக வீட்டுக்குப் போய்விடுவாள். நான் என் சின்ன சைக்கிளை மிதித்துக்கொண்டு வெறும் வயிற்றோடு பின்னால் போவேன். ஒருநாள் காலில் எறும்பு கடித்த பதற்றத்தில், அத்தை பாலத்துக்கு ஒரு மின்கம்பம் முன்னால் வரும்போதே அமுத்திவிட்டேன். ஐந்து வினாடி குறைந்தது. அத்தை நோட்டைப் பார்த்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள். அன்றைக்கு இரண்டு போண்டா.

அதற்குப் பிறகு எறும்பு கடிக்கவில்லை. நானாகத்தான் அமுத்தினேன். அடுத்த வாரம் இரண்டு கம்பம், அதற்கடுத்து மூன்று. தைலமரக் காட்டைத் தாண்டினால் பாலம் வரை சாலை நேராக இருக்கும். கம்பங்களை எண்ண வசதி. இது பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் பெரிய பொய்யாகத் தோன்றவில்லை. அத்தை சந்தோஷமாக இருந்தாள், அப்பா சந்தோஷமாக இருந்தார், போண்டாவும் நன்றாக இருந்தது. இரண்டு மாதத்தில் ஒன்பதாவது கம்பத்துக்குப் போய்விட்டேன். நோட்டில் முப்பத்திரண்டு நிமிடம் ஐந்து வினாடி. கோச் சார் போன் செய்து, இந்த டைம் போதும், இனி உடம்பை அலட்டிக்கொள்ள வேண்டாம், மாவட்டத் தேர்வுப் போட்டி வரைக்கும் லேசாக ஓட்டினால் போதும் என்று சொல்லிவிட்டார். அத்தையும் கடைசி இரண்டு வாரம் கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி காற்று வாங்கிக்கொண்டு ஓட்டினாள்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புதுக்கோட்டை பைபாஸில். அப்பாவும் நானும் முன்வரிசையில் நின்றோம். நோட்டை நான் மார்போடு அணைத்திருந்தேன். சாம்பியன் என்பதால் அத்தை கடைசியாகக் கிளம்பினாள். கிளம்புவதற்கு முன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நான் திருப்பிக் கண்ணடிக்கவில்லை. ஏனென்றால் இங்கே கடிகாரம் என்னிடம் இல்லை. கட்டம்போட்ட சட்டை போட்ட ஒருவரிடமும் தொப்பி போட்ட இன்னொருவரிடமும் இருந்தது. இரண்டு பேருமே போண்டாவுக்கு ஆசைப்படுகிறவர்கள் போலத் தெரியவில்லை.

அத்தை வந்தாள். நன்றாகத்தான் வந்தாள். போர்டில் எழுதினார்கள்: முப்பத்திரண்டு நிமிடம் ஐம்பது வினாடி. இலுப்பூர்ப் பெண் ஒருத்தி அவளைவிடப் பத்து வினாடி குறைவு. மூன்று வருடத்தில் முதல்முறையாக அத்தை இரண்டாவது.

அத்தை அழுவாள் என்று நினைத்தேன். அவளோ தொப்பிக்காரரிடம் போய், "சார், ஒருவாட்டி சரியாப் பாத்திருங்க" என்றாள். கெஞ்சவில்லை. மளிகைக்கடையில் சில்லறை குறைந்தால் கேட்பாளே, அந்தக் குரல். அவர் இரண்டு கடிகாரத்தையும் காட்டினார். இரண்டும் ஒன்றுதான். அத்தை போர்டைப் பார்த்தாள். விரல் மடக்கி ஏதோ எண்ணினாள். பிறகு இலுப்பூர்ப் பெண்ணிடம் போய்க் கை கொடுத்து, அடுத்த தடவை இவ்வளவு சுலபமாக இருக்காது என்று சொல்லிவிட்டு எங்களிடம் வந்தாள்.

அதற்குள் கோச் சார் வந்துவிட்டார். என் கையிலிருந்த நோட்டை வாங்கிப் புரட்டினார். அவருக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

"தெனமும் முப்பத்திரண்டு அஞ்சு, முப்பத்திரண்டு எட்டுன்னு வந்திருக்கு. இன்னைக்கு என்னம்மா ஆச்சு? நெசமான காரணத்தச் சொல்லு. சைக்கிள் ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அத்தை நோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தைக்குத் தாகம் போல என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவள் வாங்கி, அவசரமே இல்லாமல், பாட்டில் காலியாகும் வரை குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"காத்து சார்."

சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சாருக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்னவோ.

"என்னது?"

"எதிர்க்காத்து சார்."

"போகும்போது எதிர்க்காத்துன்னா வரும்போது பின்காத்துதானம்மா? தள்ளிவிட்டிருக்குமே?"

"ரெண்டு பக்கமும் எதிர்க்காத்து சார்" என்றாள் அத்தை, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

அங்கே எழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சாலையோரம் ஏதோ ஒரு கட்சியின் கொடிகள் வரிசையாக நட்டிருந்தன. ஒரு கொடியும் அசையவில்லை. துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி தொங்கின. சார் அந்தக் கொடிகளை ஒருதரம் பார்த்தார், அத்தையை ஒருதரம் பார்த்தார். சட்டம் சட்டம்தான். இலுப்பூர்ப் பெண்ணைக் கூப்பிட்டு சைக்கிளை அவளிடம் கொடுத்துவிட்டார். எனக்கு அப்போது தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன்: அப்பாடா, காற்று என்னைக் காப்பாற்றியது.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். அத்தை மடியில் ஹெல்மெட் மட்டும் இருந்தது. ஆலங்குடி வரை பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. சந்தேகம் என்று வந்தால் கேட்டுவிடுவது என் சுபாவம்.

"அத்தே, நெசமாவே காத்து அடிச்சுச்சா? கொடி ஒண்ணும் ஆடலியே?"

அத்தை என் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தாள். "கொடி ஒயரத்துக்கு எங்க அடிச்சுச்சு? இம்புட்டு ஒயரத்துக்குத்தான் அடிச்சுச்சு" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கும் தெம்பு வந்துவிட்டது. போன சைக்கிள் திரும்பி வரும், வராமல் எங்கே போகும் என்று அவள் சொன்னபோது நான் முழுமனதோடு தலையாட்டினேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை அத்தை பரணில் கிடந்த தன் பழைய சைக்கிளை இறக்கினாள். கனமான சைக்கிள், பெடல் கிறீச்சிட்டது. கையில் வீட்டுக்கு அடித்தது போக மீந்த வெள்ளைப் பெயிண்ட் டப்பா. பாலத்தின் மேல் சாலைக்குக் குறுக்கே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை பட்டையாக ஒரு கோடு போட்டாள். காய்ந்ததும் என்னை அதன் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இந்தா பாரு புள்ள. சக்கரம் இந்தக் கோட்டத் தொடணும். தொட்டப்பறம்தான் அமுத்தணும். அதுக்கு முன்னாடி வானமே இடிஞ்சு விழுந்தாலும் ஒன் வெரல் அசையக்கூடாது. என்ன?"

போனைப் பழையபடி என் கையில் கொடுத்தாள். கோடு எதற்கு என்று எனக்குத் தெளிவாகவே புரிந்ததாக நினைத்தேன். முடிவு எங்கே என்று அத்தைக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், அதற்குத்தான். இருந்தாலும் புதுப் பெயிண்டுக்கு ஒரு மரியாதை இருக்கிறதே. சக்கரம் கோட்டைத் தொட்டபோதுதான் அமுத்தினேன். முப்பத்தைந்து நிமிடம் நாற்பது வினாடி. அதை அப்படியே நோட்டில் எழுதினேன். இன்றைக்குப் போண்டா இல்லை என்பது நிச்சயம்.

அத்தை அந்த எண்ணைப் பார்த்தாள். "சரியா எழுதியிருக்கியா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப வா, சாப்பிடுவோம்" என்று டீக்கடைக்குக் கூட்டிப்போனாள்.

மறுநாள் பத்து வினாடி கூடிப்போயிற்று. அன்றைக்கும் போண்டா. அதற்கடுத்த நாள் மழைத்தூறல், இன்னும் மோசம். அன்றைக்கும் போண்டா. அன்றிலிருந்து நேரம் என்னவானாலும் போண்டா என்று ஆகிவிட்டது. கனமான சைக்கிளை மிதிப்பதால் அத்தைக்கு அதிகமாகப் பசிக்கிறது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். எது எப்படியோ, அதன் பிறகு கம்பங்களை நான் எண்ணவில்லை. எண்ண வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது.

கடைத்தெருவிலும் மைதானத்திலும் அத்தைக்கு 'எதிர்க்காத்து' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. போகிற வருகிறவன் எல்லாம், "என்ன, இன்னைக்கு எந்தப் பக்கம் காத்து?" என்பான். "ரெண்டு பக்கமும்தான்!" என்று அத்தை சளைக்காமல் பதில் சொல்வாள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, வீட்டில் நானும் அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் தேர்வு, அதே பைபாஸ். அன்றைக்கு நிஜமாகவே காற்று அடித்தது. கொடிகள் படபடத்தன. இலுப்பூர்ப் பெண் அந்த லேசான சைக்கிளில் வந்தாள். அத்தை பழைய சைக்கிளில் கிறீச் கிறீச் என்று கிளம்பிப் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகம் கோபக்காரச் சாமி முகம் மாதிரி இருந்தது. போர்டில் எழுதினார்கள். இலுப்பூர்ப் பெண்ணைவிட மூன்று வினாடி குறைவு. தொப்பிக்காரரிடம் சரிபார்க்கச் சொல்லி அத்தை கேட்கவில்லை. முந்தின நாள் பாலத்தில் நான் எழுதிய நேரத்துக்கும் இதற்கும் இரண்டு வினாடிதான் வித்தியாசம்.

கோச் சார் லேசான சைக்கிளைத் தானே உருட்டிக்கொண்டு வந்தார். சுற்றிலும் எல்லோரும் இருந்தார்கள்.

"என்னம்மா, இன்னைக்குத்தான் நெசமாக் காத்து அடிக்குது. ஒனக்கு மட்டும் அடிக்கலியா?" என்றார், சிரித்துக்கொண்டே.

அத்தை வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் போய்விட்டேன். மூன்று மாதமாக எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் விளக்கிச் சொன்ன விஷயம் இது. விஷயம் தெரியாமல் ஒருவர் கேட்கும்போது எப்படிச் சும்மா இருப்பது?

"சார், போன தடவ அடிச்சது மேல் காத்து இல்ல சார். கொடி ஒயரத்துக்கெல்லாம் அது வராது. இம்புட்டு ஒயரத்துக்குத்தான் அடிச்சுச்சு. அத்தைதான் சொன்னுச்சு" என்று என் தலைமேல் கையை வைத்துக் காட்டினேன். மூன்று மாதத்தில் கொஞ்சம் வளர்ந்திருப்பேன் என்று நினைவு வந்ததும், கையை ஒரு விரற்கடை தாழ்த்திக்கொண்டேன். கோடு போட்டதிலிருந்து கணக்கில் நான் அவ்வளவு சுத்தம்.

சார் என் கையைப் பார்த்தார். அது நின்ற உயரத்தைப் பார்த்தார். என் அக்குளில் இருந்த நோட்டைப் பார்த்தார். பிறகு அத்தையை வெகுநேரம் பார்த்தார். அத்தை அவிழ்ந்தே போகாத ஷூ நாடாவைக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தாள்.

சார் அந்த சைக்கிளை அத்தையிடம் கொடுக்காமல் என்னிடம் தந்து, "நீயே ஒங்க அத்தைகிட்டக் குடு" என்றார். ஒரு விரலால் தூக்கிவிடலாம் போல இருந்த அந்த சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க நான் உருட்டிப் போனேன். காற்றைப் பற்றி நான் சொன்னது சாருக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.