கொம்பு ஓணானும் துப்புரவான ஓடைக்கரையும்

அன்று "பரவாயில்லை, தங்கராஜ் அண்ணே" என்று நான் சொல்லவில்லை. ஓடையிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரை அரை மணி நேரம் அவர் எனக்குப் பின்னால் நடந்து வந்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மூன்று வாரம் கழித்து, வகுப்பில் அவருடைய மகள் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "அவங்க அப்பா விடியக்காலம் நெஞ்சு வலியில செத்துட்டாரு டீச்சர்" என்றாள் முன்வரிசைப் பிள்ளை.

அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் உங்களில் பலருக்கு அவர் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டிக் குறுக்கும்போது, அடியில் சுருண்டு கிடக்கும் பாம்புகளைப் பார்த்துப் பார்த்தே அவற்றின் மேல் ஆசை வந்தது என்பார். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் அவர் பாம்பு, ஓணான் என்று தேடினார், நான் குறிப்பேட்டில் எழுதினேன். பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அட்டைக்கடியோடு திரும்புவோம். நான் சலித்துக்கொண்டால், "பாம்பும் நம்ம வேலைய மேப்பாக்குற கண்டாக்கு ஐயா மாதிரிதான் டீச்சர். தேடுனா ஆம்புட மாட்டாரு. செத்த ஒக்காந்தோம்னா தலைக்கு மேல வந்து நிப்பாரு" என்பார்.

ஒருமுறை லயத்துச் சாக்கடைக் கானில் ஒரு சின்னப் பாம்பு வந்துவிட்டது. அங்கே குடியிருந்த மாரியாயி அக்கா மண்வெட்டியை ஓங்கிவிட்டார். தங்கராஜ் அண்ணன் குறுக்கே புகுந்து அதை உள்ளங்கையில் எடுத்தார்.

"இது மண்புழு திங்கிறது, அக்கா. கடிக்கிறதுக்கு இதுக்கு வாயே பத்தாது."

"ஒனக்குத்தான் வாயி பத்துமே. அத எடுத்துக்கிட்டு அங்கிட்டுப் போ!"

எல்லோரையும்விட அவர்தான் சத்தமாகச் சிரித்தார். பாம்பு பிழைத்தது.

ஓடைக்கரை மரங்களை வெட்டித் தேயிலை நடப்போகிறார்கள் என்ற செய்தி இந்த வருடம் வந்தது. பாசி படர்ந்த அந்த மரங்களில்தான் கொம்பு ஓணான் இருந்தது. மூக்கின் மேல் வெள்ளைக் கொம்பு, மெதுவாக நகரும், இந்த மலைகளை விட்டால் வேறெங்கும் இல்லை. தோட்ட நிர்வாகத்துக்கு நான் நான்கு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. கடைசியில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை, சனிக்கிழமை நேரில் வருவதாகவும், ஓணானைக் கண்ணால் கண்டால் மரங்களை விட்டுவிடுவதாகவும் சொன்னார்.

சனிக்கிழமை துரையோடு போனபோது ஓடைக்கரை கோயில் வாசல்போல் இருந்தது. சருகு கூட்டி, புதர் வெட்டி, மரங்களின் பாசியைச் சுரண்டி, அடிமரத்துக்குச் சுண்ணாம்பும் அடித்திருந்தார்கள். துரை வரும் வழியெல்லாம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது இங்கே பிறந்ததிலிருந்து பழகிய வழக்கம். தங்கராஜ் அண்ணன் ஆள் சேர்த்து முதல் நாள் முழுவதும் வேலை செய்திருக்கிறார்.

"தொர வர்ற எடம் டீச்சர். குப்பையாக் கெடந்தா நம்மளத்தானே கேவலமா நெனைப்பாரு" என்று பெருமையோடு காதருகில் சொன்னார்.

ஒரு மணி நேரம் தேடினோம். ஒன்றும் இல்லை. துரை கடிகாரத்தைப் பார்த்தார், போய்விட்டார். தங்கராஜ் அண்ணன் சுரண்டிய மரத்தில் கையை வைத்தபடி நின்றார்.

"நாந்தான் வெரட்டிட்டேனா டீச்சர்?"

நான் திரும்பி லயத்தை நோக்கி நடக்கத் தொடங்கினேன். அவ்வளவு கோபம். ஓர் ஓணானுக்குச் சருகு எதற்கு, பாசி எதற்கு என்று எனக்குக் காட்டித் தந்தவரே அவர்தான். ஆனால் துரை வருகிறார் என்றதும் அந்தச் சருகு அவருக்கு வெட்கமாகிவிட்டது. கோபம் இன்றும் தீரவில்லை. அது அவர் மேல் இல்லை என்பதை இப்போதுதான் உணர்கிறேன்.

அதற்குப் பிறகு வேலை முடிந்து தினமும் அவர் ஓடைக்குப் போய்த் தேடினார் என்று அவருடைய மனைவி சொன்னார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்: சருகு கிடந்தால் முதலில் குனிந்து பார்ப்பேன், பிறகுதான் காலை வைப்பேன்.

கருமாதி முடிந்த மறுநாள் ஓடைக்கரை மரங்களை வெட்டினார்கள். இரண்டாவது மரம் விழுந்தபோது, அதன் உச்சிக் கிளையில் கொம்பு ஓணான் இருந்தது. வெட்டியவர்கள் அதைப் பக்கத்துக் காட்டில் விட்டுவிட்டு, மூன்றாவது மரத்தை வெட்டத் தொடங்கினார்கள்.