நாய்க் கூண்டா, பூனைக் கூண்டா

அடுப்பே பற்றவைக்காத மத்தியானத்தில் ஹாலெங்கும் சீரகச் சம்பா வேகும் வாசனை. அண்ணாந்து பார்த்தேன். மரநாய் குடியேறிய கூரை இப்படித்தான் மணக்கும்.

நான் சிறுமியாக இருந்தபோது, இதே டவுன்ஷிப்பில் வேறொரு குவார்ட்டர்ஸில், பலாக்கிளை உரசும் கூரைக்குள் அந்த வாசனை தங்கியிருந்தது. பள்ளி விட்டு வந்து அதன்கீழே பாய் விரித்துப் படுத்தால், சோறு வெந்துகொண்டே இருக்கும் வீட்டில் தூங்குவது போலிருக்கும்.

அப்பா புகார் சொன்னதும் டவுன்ஷிப் ஆபீசிலிருந்து ஓர் ஆள் வந்து, "நாயா பூனையான்னு சொல்லுங்க, அதுக்கேத்த கூண்டு எடுத்தாறேன்" என்றார்.

அப்பாவுக்குத் திருநெல்வேலி. "மூஞ்சி நாய் மாதிரி, குடியிருப்பு மரத்துல. அதாம்யா மரநாய்."

பக்கத்து வீட்டு டீச்சருக்கு நாகர்கோவில். "எங்க ஊர்ல மரப்பட்டி. பட்டின்னாலும் நாய்தான்."

எதிர்வீட்டு பாய்க்குக் குறிஞ்சிப்பாடி. "நாய் எங்கனா மரம் ஏறுமாங்க? அது பூனைங்க."

பேச்சு ஓயும்போதெல்லாம் அம்மா காபியோடு வந்து, "அப்போ புனுகுப் பூனைன்னா எது?" என்று கிளறிவிட்டுப் போவாள். நாள்கணக்கில் பேசினார்கள். கூண்டு வரவேயில்லை. ஒருநாள் வாசனையும் போய்விட்டது.

இப்போது போனை எடுத்துக்கொண்டு, உள்ளறையில் படுத்திருந்த அம்மாவிடம் போனேன். "கூண்டுக்குச் சொல்லணும். அது நாயா, பூனையாம்மா?"

"அந்த வீட்டுல அப்பவே பரண்ல ஏறிப் பாத்தேன்டி. மூணு குட்டி, கண்ணே தொறக்கல" என்றாள். "பிள்ள பெத்தவளுக்குப் பேரு எதுக்கு? எடந்தான் வேணும்."