விபரம் எடுக்க வந்தவை

வளர்ச்சி எண்ட சொல்லைக் கேட்டாலே இப்ப எனக்குப் பத்திக்கொண்டு வருது. முந்தி அப்பிடியில்லை. ஐம்பத்திரண்டு வயசிலை ஆசைப்பட்டு யூனிவேர்சிற்றிக்கு வெளிக்கிட்டவள் நான். கனடாவிலை, அஜின்கோர்ட் எண்ட இடத்திலை ஒரு பல்டொக்டரின்ரை கிளினிக்கிலை, முன்மேசையிலை இருந்து வாற சனத்துக்கு நேரம் குறிச்சுக் குடுக்கிறதுதான் என்ரை வேலை. ஊரிலை, யூனிவேர்சிற்றிக்குப் போறதுக்கான ஏ.எல் சோதினை எழுத முந்தியே எங்கட பள்ளிக்கூடம் அகதி முகாமாப் போச்சு. பேந்து கனடா, கலியாணம், பிள்ளையள். மகள் படிச்சு முடிச்சு வேலைக்குப் போனாப் பிறகு, சரி, இனி என்ரை முறை எண்டு நினைச்சன். வேலை செய்யிற பெரியாக்களுக்கெண்டு சனிக்கிழமையளிலை நடக்கிற பட்டப்படிப்பு அது. உன்னையும் வளர்த்து, ஊருக்கும் உன்னாலை சேவை செய்விப்பம் எண்டு விளம்பரம் போட்டிருந்தவை. என்ரை மனுசன் அதை வாசிச்சுப்போட்டு, "உந்த வயசிலை இனி எந்தப் பக்கம் வளரப் போறீர்?" எண்டார். அவருக்கு எப்பவும் நக்கல்தான்.

சரித்திரம் படிக்கலாம், பொருளாதாரம் படிக்கலாம் எண்டு புதுக் கொப்பியும் பேனையுமாப் போனன். அங்கை மேசையே கிடையாது. கதிரையளை வட்டமாப் போட்டு, கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டு, உள்ளுக்கை என்ன எழும்புது எண்டு ஒவ்வொருத்தராச் சொல்ல வேணும். அட, மூச்சு விடுறதைத்தானே பிறந்ததிலையிருந்து செய்துகொண்டிருக்கிறன், அதுக்கு ஒரு யூனிவேர்சிற்றியோ? எங்களுக்குப் படிப்பிச்சவ மெல்லிய குரல்காரி, தோளிலை பெரிய சால்வை. எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சரிச்சுக் கேப்பா. பொய் சொல்லப்படாது, அவ வாசிக்கத் தந்ததுகளிலை சிலது நல்லாத்தான் இருந்தது. பஸ்ஸிலை நிண்டுகொண்டு வாசிச்சு, இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுப் போயிருக்கிறன்.

இரண்டாவது தவணையிலைதான் சமூகசேவை வந்தது. நாலு பேர் ஒரு குறூப். எங்கட குறூப்புக்குத் தலைவர் மாதிரி நிண்டவர் ஒரு வங்கியிலை விளம்பரப் பகுதியிலை வேலை செய்யிற வெள்ளைக்காரர். நாப்பது வயசிருக்கும், வரிசையான வெள்ளைப் பல்லு. என்ரை தொழில் அப்பிடி, ஆரைப் பார்த்தாலும் பல்லுத்தான் முதல் கண்ணிலை படும். மனசுக்குள்ளை நான் அவருக்கு வைச்ச பேர் பல்லழகன். முதியாக்களின்ரை கதையளை ஒலிப்பதிவு செய்து, படமும் எடுத்து, கடைசியிலை ஒரு கண்காட்சி வைப்பம் எண்டு சொன்னதும் அவர்தான். முதியாக்களுக்கு எங்கை போறது எண்ட கேள்வி வந்த உடனை, மூண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்திச்சினம்.

எங்கட கிளினிக்குக்குப் பக்கத்து மண்டபத்திலை செவ்வாய்க்கிழமையளிலை தமிழ் முதியோர் கூடுறவை. கரம் போட்டிலை காய் அடிச்சு விளையாடி, கொஞ்சம் யோகா செய்து, வடை சாப்பிட்டுத் தேத்தண்ணியும் குடிச்சுப்போட்டுப் போவினம். நான் கேட்டுப் பார்க்க அவையளும் சந்தோசமா வரச் சொல்லிச்சினம். கிளினிக்கிலை லீவு எடுத்துக்கொண்டு மொழிபெயர்க்கப் போனன். மூலையிலை ஒரு மேசை போட்டு, மைக்கை வைச்சு, லைற்றைக் கொளுத்தி எல்லாம் ஆயத்தம். முதல் வந்த அங்கிள் தான் பள்ளிக்கூடத்திலை ஓடி வெண்ட ஓட்டங்களைப் பற்றி அரை மணித்தியாலம் அளந்தார். எல்லாருக்கும் நல்ல சிரிப்பு. இதென்ன, நல்லாத்தானே போகுது எண்டு நானும் நினைச்சன்.

அதுக்குப் பிறகுதான் அந்த அம்மா வந்தா. எழுபத்தைஞ்சு வயசு சொல்லலாம். மட்டக்களப்புப் பக்கம். இப்ப இங்கை பிக்கரிங்கிலை மகளோடை இருக்கிறா. வந்து இருந்த கையோடை கைப்பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்து, மேசையிலை பல்லழகனுக்கு முன்னாலை வைச்சா. பிளாஸ்ரிக் உறை போட்ட படம், இருபது வயசுப் பெடியன். சின்ன வயசிலை உங்களுக்கு மறக்கேலாத சந்தோசம் என்ன எண்டு பல்லழகன் கேட்டார். நான் தமிழிலை கேட்டன். அவ அதைக் காதிலையும் விழுத்தேல்லை.

மகன்ரை முழுப்பேரைச் சொன்னா. உயரம் சொன்னா. இடப்பக்கப் புருவத்துக்கு மேலை வெட்டுக்காயம் ஒண்டு, சின்னனிலை கிணத்துக்கட்டிலை விழுந்தது எண்டா. விடியக்காலமை ரவுண்டப்பிலை ஆமி வந்து பிடிச்சுக்கொண்டு போகேக்கை நீலக்கோடு போட்ட சாரமும் வெள்ளைப் பெனியனும். செருப்புப் போட விடேல்லை. அந்தச் செருப்பைச் சொல்ல வந்த உடனை குரல் உடைஞ்சு அழுதிட்டா. பேந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, எந்த றோட்டாலை வாகனம் போனது, பின்னாலை ஓடிப்போய்ப் பார்த்தது ஆர் ஆர் எண்டதெல்லாம் சொன்னா.

மொழிபெயர்த்துக்கொண்டு வரேக்கைதான் எனக்கு உறைச்சுது. இந்த மனுசி கதை சொல்லேல்லை. முறைப்பாடு குடுக்குது. ஒரு மேசை, ஒரு மெஷின், ஒரு வெள்ளைக்காரன், மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பொம்பிளை. ஊரிலை எத்தினை விசாரணைக் கூட்டத்துக்கு முன்னாலை இதே மாதிரிப் போய் இருந்து இதே விபரத்தைச் சொல்லியிருப்பா! காணாமல் போன பிள்ளையைத் தேட வந்த ஆக்கள் எண்டுதான் எங்களையும் நினைச்சுக்கொண்டு இருக்கிறா.

அதை நான் வாய் திறந்து சொல்ல முந்தி பல்லழகன் காதிலை போட்டிருந்த ஹெட்போனைக் கழட்டினார். அருமை, அருமையான கதை எண்டார். ஆனா செருப்பைப் பற்றிச் சொல்லேக்கை அங்காலை கரம் காய் விழுந்த சத்தம் வந்திட்டுதாம். அந்த இடத்தை மட்டும் இன்னொருக்காச் சொல்லுவாவோ எண்டு கேட்டார். நான் ஏலாது எண்டன். ஆனா அந்த அம்மாவுக்கு, பல்லழகன் விரலைச் சுத்திக் காட்டினதிலையே விளங்கியிட்டுது. "திரும்பச் சொல்லணுமா புள்ள? எத்தின தரமும் சொல்லுவன். பிழை வரப்படா" எண்டா. நிமிர்ந்து இருந்து, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல், ஒரு சொல்லும் பிசகாமல், செருப்புப் போட விடாததைத் திரும்பவும் சொன்னா. பல்லழகன் கேட்டுப்போட்டு முகத்தைச் சுழிச்சார். முதல் தரம் சொன்னதிலைதான் உணர்ச்சி இருந்ததாம்.

சீ! எனக்கு வந்த அருவருப்பை என்னெண்டு சொல்ல? அந்த மைக்கைத் தூக்கித் தேத்தண்ணி வாளிக்குள்ளை போட்டிருக்க வேணும். உணர்ச்சி வேணுமாம், உணர்ச்சி! பிள்ளையைப் பறிகுடுத்தவள் இவருக்கு அளவாப் பார்த்து அழ வேணுமாம். வயர்களைச் சுத்துங்கோ, இண்டைக்குக் காணும் எண்டு நான் சத்தம் போட்ட பிறகுதான் எழும்பிச்சினம்.

வெளியிலை, குளிர்ச்சட்டையள் கொழுவுற இடத்திலை வைச்சு அந்த அம்மாவைப் பிடிச்சன். "அம்மா, இவை தேடுற ஆக்கள் இல்லை. யூனிவேர்சிற்றியிலை படிக்கிற ஆக்கள். நானும் அங்கைதான் படிக்கிறன். இவையாலை ஒண்டும் ஏலாது" எண்டன். இதைவிட உடைச்சு ஒருத்தரும் சொல்லேலாது. அவ என்ரை கையைத் தடவினா. "எல்லாரும் மொதல்ல அப்பிடித்தான் புள்ள சொல்லுவாங்க. உறுதி தர ஏலா எண்டுதான் சொல்லுவாங்க. ஒனக்கும் வெளிய சொல்ல அனுமதி இல்லப்போல, நான் ஒண்டும் கேக்கல்ல" எண்டு சிரிச்சுக்கொண்டு சப்பாத்தைப் போட்டா.

வெள்ளிக்கிழமை, அந்த அம்மா கையெழுத்து வைச்ச படிவத்திலை இருந்த நம்பருக்கு ரெலிபோன் எடுத்து அவவின்ரை மகளுக்குச் சொன்னன். "நானும் சொல்லிப் பாத்துட்டன் அக்கா, கேக்கிறாவில்ல. அண்டையில இருந்து ஒழுங்காச் சாப்பிடுறா. என்னை என்ன செய்யச் சொல்றீங்க?" எண்டா.

சனிக்கிழமை வகுப்புக்குப் போய்ச் சால்வைக்காரியிட்டைச் சொன்னன். இந்த மனுசி பிழையா விளங்கிக்கொண்டிருக்கிறா, அவவின்ரை பதிவை விடுங்கோ, கண்காட்சியிலை போடாதேங்கோ எண்டன். அவ தலையைச் சரிச்சா. இதைச் சொல்லேக்கை உனக்குள்ளை என்ன எழும்புது எண்டு கேட்டா. சத்தி எடுக்கத்தான் எழும்புது, வேறை என்ன? அதைச் சொல்லவும் செய்தன். அவ கோவிக்கேல்லை. கோவிச்சிருந்தாலும் பரவாயில்லை! அந்த மன அந்தரத்தோடை கொஞ்ச நேரம் இருந்து பார், அதிலைதான் நீ வளருவாய் எண்டா. நம்பிக்கை அந்த அம்மாவைச் சுகப்படுத்துதாக்கும், அதைப் பறிக்க நாங்கள் ஆர் எண்டும் கேட்டா. நம்பிக்கையைக் குடுத்ததே நாங்களெண்டது அவவின்ரை சரிச்ச தலைக்குள்ளை ஏறேல்லை. பல்லழகன் தன்ரை பங்குக்கு, அந்த அம்மா கையெழுத்து வைச்சுத்தானே தந்தவ, அவவின்ரை கதைதானே எங்கட கண்காட்சிக்கே உயிர் எண்டார். இப்ப நான் படிப்பை விட்டிட்டு வந்தால் அந்த மனுசியை இதுகளோடை தனிய விட்டிட்டு வாறதாப் போகும் எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தன்.

கண்காட்சி நாள் பின்னேரம், யூனிவேர்சிற்றி மண்டபத்திலை சீஸ் துண்டும் திராட்சைப்பழமும் வைச்சிருந்தவை. சுவரெல்லாம் முதியாக்களின்ரை படம். நடுவிலை ஆள் உயரத்துக்கு ஒண்டு: அந்த அம்மாவின்ரை சுருங்கின கை, கைக்குள்ளை அந்தப் பெடியன்ரை படம். பக்கத்திலை கொழுவியிருந்த ஹெட்போனைக் காதிலை வைச்சால் அவவின்ரை குரல் கேக்கும். முதல் தரம் அழுதது. கரம் காய்ச் சத்தத்தை எப்பிடியோ எடுத்துப்போட்டாங்கள். பல்லழகன் ஒலிவாங்கியைப் பிடிச்சு, இந்தச் சேவை தன்னை மாத்தியிட்டுது, இப்ப தான் ஒவ்வொரு ஞாயிறும் தன்ரை அம்மாவோடை கதைக்கிறன் எண்டு சொல்ல, சனம் கை தட்டிச்சுது. உன்ரை அம்மாவுக்கு ரெலிபோன் எடுக்க உனக்கு இந்த மனுசியின்ரை பிள்ளை காணாமல் போகவேண்டிக் கிடந்ததோ எண்டு கேக்க எனக்கு வாய் துடிச்சுது.

அந்த நேரம்தான் அவ மகளோடை வந்தா. பட்டுச்சேலை, தலையிலை கொஞ்சம் பூ. பிக்கரிங்கிலையிருந்து ரெயின் ஏறி வந்திருக்கிறா. சுவரிலை மகன்ரை படத்தைக் கண்ட உடனை முகம் மலர்ந்து போச்சு. "பெரிசா ஒட்டியிருக்காங்க புள்ள, எல்லாருக்கும் தெரியும்" எண்டா. பையைத் திறந்து இன்னொரு படத்தை எடுத்தா. "முந்தினதுல வெட்டுக்காயம் தெரியல்ல. இதுல தெரியும்." அதை நீட்டிக்கொண்டு சனத்துக்குள்ளை போனா. ஒவ்வொருத்தரிட்டையும் தமிழிலை கேட்டா, "எங்க கண்டீங்க? எந்தப் பக்கம்?" சனம் அவவின்ரை கையைப் பிடிச்சுது, கட்டிப் பிடிச்சுது, சிலது அழுதுது. அவைக்கு எல்லாம் வடிவாத்தான் இருந்தது. ஒருத்தருக்கும் ஒரு சொல்லும் விளங்கேல்லை.

சால்வைக்காரி வந்து, இவ என்ன சொல்லுறா எண்டு என்னைக் கேட்டா. நான் சொன்னன், எல்லாருக்கும் கேக்கத்தக்கதா. "தன்ரை மகனை உங்களிலை ஆர் கண்டது எண்டு கேக்கிறா. உங்களுக்கு விபரம் தந்தது அவனைத் தேடத்தானாம். தேடினீங்களோ எண்டு கேக்கிறா."

சால்வைக்காரி நெஞ்சிலை கையை வைச்சா, கண் கலங்கிச்சுது. நாங்கள் அவவுக்குக் கடமைப்பட்டிருக்கிறம், அவவாலை நாங்கள் எல்லாரும் மாறியிட்டம் எண்டு சொல்லு எண்டா.

"உங்களாலை தாங்கள் எல்லாரும் மாறியிட்டினமாம் அம்மா" எண்டன்.

"நல்லம்" எண்டா. "அவன் எங்கயாம்?"

"தெரியாதாம் அம்மா. இவை தேடவேயில்லை."

அவ திரும்பிச் சுவரைப் பார்த்தா. "அப்ப அதக் கழட்டித் தரச் சொல்லு புள்ள" எண்டா.

கேட்டன். மாச முடிவு மட்டும் அது இருக்கவேணும், மற்ற வகுப்புகளும் பார்க்க வரும் எண்டார் பல்லழகன். நான் போய் ரெண்டு கையாலையும் பிடிச்சு இழுத்தன். பின்னாலை ஒட்டியிருந்த பசை சுவர்ப் பெயின்றையும் உரிச்சுக்கொண்டு வந்தது. உரியட்டும். ஒருத்தரும் கிட்ட வரேல்லை.

அவவின்ரை மகளும் நானும் படத்தை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனம். எங்கட குறூப்புக்கு நல்ல மாக்ஸ் கிடைச்சுதெண்டு பிறகு கேள்விப்பட்டன். எனக்கு மட்டும், சேர்ந்து வேலை செய்யிறதிலை இன்னும் வளர இடமிருக்கு எண்டு எழுதி வந்தது. அதோடை நான் அந்தப் பக்கம் போகேல்லை.

அண்டைக்கு ஸ்டேசனிலை, ரெயின் வர முந்தி அந்த அம்மா வெட்டுக்காயம் தெரியிற படத்தை என்ரை கையிலை தந்தா. "இத நீ வச்சிரு புள்ள. ஒனக்கு இங்கிலீஷ் தெரியும். தேடுற ஆக்கள் வந்தா குடு" எண்டா. வேண்டாம் எண்டு எந்த வாயாலை சொல்லுறது? வாங்கிக் கைப்பைக்குள்ளை வைச்சன். அவவிட்டை விபரம் வாங்கினவையிலை இப்ப நானும் ஒருத்தி.